எண்ணூறு டாலருக்கு எஃப் 0.95: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் மலிவு விலை 'வேக' லென்ஸ்கள்

லைக்கா நிறுவனத்தின் நாக்டிலக்ஸ் 50 மிமீ எஃப் 0.95 லென்ஸ் 2008-இல் அறிமுகமானபோது அதன் விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி இருந்தது. அதன்பிறகு ஏறிக்கொண்டேதான் போனது. 2020-இல் சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து டிடி ஆர்ட்டிசன் என்ற நிறுவனம் ஒரு லென்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் 50 மிமீ, அதுவும் எஃப் 0.95, அதுவும் லைக்காவின் எம் வகைக் கேமராவில் அப்படியே மாட்டிக்கொள்ளும். விலை எண்ணூறு டாலருக்கும் கீழே. கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு.

இரண்டிலும் பொறித்திருக்கும் எண்கள் ஒன்றுதான் என்றால் மீதிப் பணம் எதற்கு? இதைவிட அடிப்படையான கேள்வி இன்னொன்று உண்டு. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றினாலும் சுத்தமான படம் தருகின்றன. அப்படியிருக்க, இவ்வளவு அகலமாகத் திறக்கும் லென்ஸ் யாருக்கு வேண்டும்? இரண்டு கேள்விக்கும் பதில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற கேமரா வகை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த லென்ஸ்கள் வாங்கத் தகுந்தவைதான், ஆனால் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக உங்கள் உழைப்பு கொஞ்சம் போகும். எங்கே, எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

எஃப் எண் என்ன சொல்கிறது

லென்ஸின் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மிமீ லென்ஸில் துளையின் விட்டம் 25 மிமீ என்றால் அது எஃப் 2. துளை 45 மிமீ சொச்சம் என்றால் எஃப் 1.1. எஃப் 0.95-க்கு 52 மிமீக்கும் கூடுதலான விட்டம் வேண்டும். அதாவது குவியத் தூரத்தைவிடத் துளையே பெரிது. எண் சிறிதாக ஆகத் துளை பெரிதாகும் என்பது ஆரம்பத்தில் எல்லோரையும் கொஞ்சம் குழப்பும். வகுத்தல் கணக்கு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

உள்ளே வரும் ஒளியின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் எஃப் 2 லென்ஸைவிட எஃப் 1.1 லென்ஸ் மூன்று மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். எஃப் 0.95 என்றால் நான்கரை மடங்கை நெருங்கிவிடும். ஒரே ஒரு மஞ்சள் பல்பு எரியும் அறையில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை வைத்துப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2-இல் ஷட்டர் 1/15 வினாடி திறந்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் கை ஆடும், எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினாலும் படம் கலங்கும். எஃப் 0.95-இல் அதே படத்தை 1/60 வினாடியில் எடுத்துவிடலாம். இந்த ஷட்டர் வேகத்தை வைத்துத்தான் இவற்றை 'வேகமான' லென்ஸ்கள் என்கிறார்கள். எஃப் 1.2, அதற்கும் கீழே போனால் அதிவேக லென்ஸ் வரிசை.

முதலில் இவை தேவைக்காகப் பிறந்தவை

1950களில் ஃபிலிமின் வேகம், அதாவது அதன் ஒளி உணர்திறன், ரொம்பக் குறைவு. கொடாக்ரோம் கலர் ஸ்லைடு ஃபிலிமின் வேகம் வெறும் 10. 1961-இல் வந்த புதிய கொடாக்ரோமில்தான் அது 25 ஆனது. 35 மிமீ அளவில் ட்ரை-எக்ஸ் கருப்பு வெள்ளை ஃபிலிம் வந்ததே 1954-இல்தான். ராத்திரியில், ஃபிளாஷ் இல்லாமல், ஒரு மேடையையோ தெருவையோ எடுக்க நினைத்தவருக்கு லென்ஸை அகலமாகத் திறப்பதைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை.

அந்தப் போட்டியில் முதலில் ஓடியவர்கள் ஜப்பானியர்கள். 1953-இல் ஸூனோ 50 மிமீ எஃப் 1.1 வந்தது. 1956-இல் நிக்கான் தன் எஃப் 1.1-ஐ இறக்கியது. கேனன் அதே ஆண்டு எஃப் 1.2 கொண்டுவந்து, பிறகு 1961-இல் கேனன் 7 என்ற ரேஞ்ச்ஃபைண்டருக்காக எஃப் 0.95 லென்ஸையே செய்துவிட்டது. மனிதக் கண்ணைவிட நான்கு மடங்கு வெளிச்சமானது என்று விளம்பரமும் செய்தது. விளம்பரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த லென்ஸ் இன்று 'ட்ரீம் லென்ஸ்' என்ற செல்லப் பெயரோடு சேகரிப்பாளர்களிடையே பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது.

ஜெர்மனியின் லைட்ஸ், அதாவது லைக்கா கேமராவைச் செய்த நிறுவனம், 1966-இல் முதல் நாக்டிலக்ஸைக் கொண்டுவந்தது. அது எஃப் 1.2. அதை ஏன் அவ்வளவு விலைக்கு விற்றார்கள் என்று புரிந்துகொண்டால் மொத்த விஷயமும் பிடிபட்டுவிடும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

சாதாரண லென்ஸின் பரப்பு ஒரு கோளத்தின் துண்டு. அப்படித் தீட்டுவதுதான் சுலபம். ஆனால் கோளப் பரப்பின் ஓரத்தில் விழும் கதிர்கள், நடுவில் விழும் கதிர்களைவிட அதிகமாக வளைந்து, சற்று முன்னதாகவே ஒன்றுசேர்ந்துவிடும். ஒரே புள்ளியில் எல்லாக் கதிர்களும் கூடாததால் புள்ளியைச் சுற்றி ஒரு மங்கல் படரும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். துளையைச் சின்னதாக வைத்தால் ஓரக் கதிர்கள் வெட்டுப்பட்டுப்போகும், பிரச்சினை தெரியாது. துளையை இரண்டு மடங்கு அகலமாக்கினால் இந்த மங்கல் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு பெருகும். எஃப் 2-ஐச் செய்கிற அதே கையால் எஃப் 1-ஐச் செய்துவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

லைட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது: கோளமல்லாத வடிவில் பரப்பைத் தீட்டுவது. அப்போது அதைக் கையால்தான் தீட்ட வேண்டியிருந்தது. கழிவு அதிகம், செய்து முடிந்தவை குறைவு, விலை ஏறியது. 1976-இல் வந்த அடுத்த நாக்டிலக்ஸ் எஃப் 1.0-ஐ, லைட்ஸின் கனடாக் கிளையில் இருந்த வால்டர் மாண்ட்லர் வடிவமைத்தார். அவர் கையால் தீட்டும் வேலையே வேண்டாமென்று, ஒளியை அதிகம் வளைக்கும் விசேஷக் கண்ணாடிகளைக் கொண்டு, எல்லாப் பரப்பும் கோளமாகவே இருக்கும்படி அமைத்தார். 2008-இன் எஃப் 0.95-இல் கோளமல்லாத பரப்புகள் திரும்பி வந்தன. ஃபோகஸ் செய்யும்போது தன் இடத்தைத் தனியாக மாற்றிக்கொள்ளும் உள் லென்ஸ் பகுதியும் சேர்ந்தது. அருகே ஃபோகஸ் செய்தாலும் தரம் குறையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பத்தாயிரம் டாலரில் பெரும்பகுதி இப்படிப்பட்டவற்றுக்குத்தான் போகிறது. லைக்காவின் சிவப்பு வட்ட முத்திரைக்கும் ஒரு பகுதி போகிறது, அதை மறுப்பதற்கில்லை.

இன்று எதற்கு?

இருட்டில் எடுப்பதற்கு என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஃபிலிம் போட்டு எடுப்பவருக்கு அது உண்மை. டிஜிட்டலில் எடுப்பவருக்கு அது பாதி உண்மை. மீதிப் பாதி, பின்னணி கரைவது.

கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் துளை பெரிதாகப் பெரிதாக ஒடுங்கிக்கொண்டே போகும். 50 மிமீ லென்ஸை எஃப் 0.95-இல் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், முழுச்சட்ட கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்டது) கூர்மையாக வருவது மொத்தமே 2 செ.மீ. அளவுதான். எஃப் 2-இல் 4.5 செ.மீ. கிடைக்கும். 0.7 மீட்டருக்கு நெருங்கினால் எஃப் 0.95-இல் மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர்.

டீக்கடை மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், முகத்தைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அருகில் இருக்கும் கண்ணின் இமை முடிகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். அடுத்த கண் ஏற்கனவே சற்று மென்மையாகிவிட்டது. காது ஒரு வண்ணத் தீற்றல். அவருக்குப் பின்னால் பாய்லர், கண்ணாடி ஜாடிகள், விளக்குகள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று கலந்து, விளக்குகள் மட்டும் பெரிய பெரிய ஒளி வட்டங்களாக மிதக்கும். கண்ணால் நாம் எந்நாளும் இப்படிப் பார்ப்பதில்லை. எங்கே பார்த்தாலும் எல்லாமே கூர்மையாக இருக்கும் ஃபோன் படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது இன்னும் விசேஷமாகத் தெரிகிறது. ஃபோனிலும் 'போர்ட்ரெய்ட்' என்று இருக்கிறதே என்றால், அது மென்பொருள் ஆளை வெட்டியெடுத்துப் பின்னணியை மங்கலாக்குவது. முடியின் ஓரத்தில் பார்த்தால் வெட்டு தெரிந்துவிடும். லென்ஸின் மங்கல் படிப்படியாக, மூக்கிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கழுத்துக்கு என்று இறங்கும்.

ரேஞ்ச்ஃபைண்டரில் மட்டும் என்ன விசேஷம்

எஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் வழியாக வரும் பிம்பத்தையே நாம் பார்க்கிறோம். எங்கே ஃபோகஸ், எங்கே மங்கல் என்று எடுப்பதற்கு முன்பே தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படியில்லை. கேமராவின் மேல் மூலையில் ஒரு தனி ஜன்னல். அது வெறும் கண்ணாடி ஜன்னல்தான். அதன் வழியே பார்த்தால் பக்கத்திலுள்ள கை முதல் தூரத்துக் கோபுரம் வரை எல்லாமே தெளிவாக இருக்கும். நடுவில் ஒரு சின்னச் செவ்வகம், கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். அதற்குள் இரண்டாவதாக ஒரு பிம்பம் இருக்கும், கேமராவின் முன்புறமுள்ள இன்னொரு ஜன்னல் வழியாக வருவது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டாவது பிம்பம் பக்கவாட்டில் நகரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் ஃபோகஸ். நில அளவையில் இரண்டு முனைகளிலிருந்து கோணம் பார்த்துத் தூரம் கணிப்பார்களே, அதே முக்கோணக் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, கேமரா லென்ஸ் வழியாக எதையும் பார்ப்பதே இல்லை. லென்ஸின் பின்புறத்தில் ஒரு உலோக விளிம்பு இருக்கிறது. இதைக் கேம் என்பார்கள். லென்ஸைத் திருப்பும்போது அது முன்னும் பின்னும் போகும். கேமராவுக்குள் ஒரு சின்ன உருளை அந்த விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். உருளை எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து, 'லென்ஸ் இப்போது இத்தனை மீட்டரில் இருக்கிறது' என்று கேமரா முடிவு செய்கிறது. லென்ஸின் கேம் ஒரு மீட்டர் என்று சொல்லி, கண்ணாடி உண்மையில் 1.03 மீட்டரில் ஃபோகஸ் ஆகியிருந்தால்? ஜன்னலில் பிம்பங்கள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். படத்தில் கண் மங்கி, அதற்கு மூன்று சென்டிமீட்டர் பின்னால் இருப்பது கூர்மையாக வந்திருக்கும்.

எஃப் 4 லென்ஸில் மூன்று சென்டிமீட்டர் பிசகு யாருக்கும் தெரியாது. எஃப் 0.95-இல் மொத்தக் கூர்மையே இரண்டு சென்டிமீட்டர்தான். ஆக, ரேஞ்ச்ஃபைண்டருக்கான அதிவேக லென்ஸில் கண்ணாடியைச் செய்வது பாதி வேலை. அந்தக் கேமை அதன் கண்ணாடியோடு இம்மியும் பிசகாமல் இணைப்பது மறுபாதி. மலிவு லென்ஸில் விலை குறைவது முக்கியமாக இந்த மறுபாதியில்தான்.

இவ்வளவு சிரமம் இருந்தும் ஏன் விரும்புகிறார்கள்? ஒரு காரணம் அளவு. எஸ்எல்ஆரில் இருப்பதுபோல பிம்பத்தைத் திருப்பிவிடும் முகக்கண்ணாடி உள்ளே மேலும் கீழும் போக இடம் விட வேண்டியதில்லை என்பதால், லைக்கா எம் கேமராவில் லென்ஸ் மாட்டும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 27.8 மிமீ தான். நிக்கான் எஸ்எல்ஆரில் அது 46.5 மிமீ. கிட்டே உட்கார முடிவதால் லென்ஸைச் சிறியதாகச் செய்ய முடிகிறது. இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்: அதுதான் சூதாட்டம். ஜன்னலில் எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. படம் எப்படிக் கரைந்து வரும் என்பது மனக்கணக்குதான். ஃபிலிம் என்றால் கழுவி வரும்வரை தெரியாது. முப்பத்தாறில் ஐந்தாறு படங்கள் நீங்கள் நினைத்துப் பார்க்காத அழகோடு வந்து விழும். அந்த ஐந்தாறு போதும், அடுத்த ரோலைப் போட வைக்க.

விலை எப்படி இறங்கியது

முதல் உடைப்பு ஜப்பானின் கோசினா. ஃபாய்க்ட்லேண்டர் என்ற பழைய ஐரோப்பியப் பெயரை உரிமம் பெற்று 1999-இலிருந்து ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களும் லென்ஸ்களும் செய்யத் தொடங்கியது. 2003-இல் நோக்டான் 35 மிமீ எஃப் 1.2, 2009-இல் நோக்டான் 50 மிமீ எஃப் 1.1. பின்னது ஆயிரம் டாலர் வட்டாரத்தில் கிடைத்தது. நாக்டிலக்ஸை ஜன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். அப்புறம் 2017-இல் ஷென்ஜென்னின் செவன் ஆர்ட்டிசன்ஸ் தன் 50 மிமீ எஃப் 1.1-ஐ நானூறு டாலருக்கும் கீழே இறக்கியபோது மாதச் சம்பளக்காரர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். டிடி ஆர்ட்டிசன், ஜொங்யி நிறுவனத்தின் மிட்டகான் எல்லாம் இந்தப் பாதையில் வந்தவையே.

இது எப்படிச் சாத்தியமானது? எம் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் அமைப்பான எம் மவுண்ட் 1954-இல் வந்தது, காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த லென்ஸ்களில் மோட்டார் இல்லை, சிப் இல்லை, மின் இணைப்பு இல்லை. உலோகக் குழாய், மரை, கண்ணாடி, துளையின் தகடுகள், அவ்வளவுதான். வடிவமைப்புக்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். 1930களில் லுட்விக் பெர்ட்டலே, ஸைஸ் நிறுவனத்தில் உருவாக்கிய சோனார் வடிவம் ஒன்று போதும் உதாரணத்துக்கு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நான்கைந்து சதவீத ஒளியைத் திருப்பியடித்த காலத்தில், காற்றைத் தொடும் பரப்புகளை முடிந்தவரை குறைத்து அவர் அதைச் செய்தார். செவன் ஆர்ட்டிசன்ஸின் எஃப் 1.1 அந்தச் சோனார் பரம்பரையில் வந்ததுதான். அவர் காலத்தில் ஒவ்வொரு கதிரின் பாதையையும் ஆட்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் கணக்கிட்டார்கள். இன்று அதை ஒரு சாதாரணக் கணினி உடனுக்குடன் செய்துவிடும்.

வெட்டப்படுவது எங்கே? மிதக்கும் உள் லென்ஸ் போன்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் இருக்காது. எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று டிஜிட்டல் லைக்காவுக்குச் சொல்லும் குறியீடு இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாகப் பரிசோதித்துச் சரிசெய்யும் ஆள்கூலி இருக்காது. அதனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு லென்ஸ்கள் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்ப முடியாது.

அழகு எது, பழுது எது

இவற்றை முழுவதும் திறந்து எடுத்தால் சில விஷயங்கள் கண்ணில் படும். வெளிச்சமான ஓரங்களைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிப்படலம் இருக்கும், முன்பு சொன்ன கோளப் பிறழ்ச்சியின் மிச்சம் அது. படத்தின் நான்கு மூலைகளும் இருண்டிருக்கும். நடுவில் முழு வட்டமாக இருக்கும் விளக்கு, ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக்கண் போல நசுங்கும். லென்ஸ் குழாயின் விளிம்பு சாய்ந்து வரும் ஒளியை வெட்டிவிடுவதால் வருவது. இலைகள் நிறைந்த பின்னணியில் இந்த நசுங்கிய வட்டங்கள் எல்லாம் சேர்ந்து நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோல் காட்டும். எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும். கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம் படியும்.

பாடப்புத்தகத்தின்படி இவை எல்லாமே குறைகள். ஆனால் முகத்தின் மேல் விழும் அந்த ஒளிப்படலத்தை வேண்டுமென்றே தேடிப் போகிறவர்கள் நிறைய. லைக்காவே 2021-இல் தன் 1966 நாக்டிலக்ஸ் எஃப் 1.2-ஐ, பழைய தோற்றத்தோடும் பழைய பிம்பக் குணத்தோடும் மறுபடி செய்து, ஏழாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்து விற்றது. தன் எஃப் 0.95 அதைவிடத் துல்லியமானது என்று அதற்குத் தெரியாதா என்ன? ஜனங்களுக்கு அந்தப் பழைய குறை பிடித்திருக்கிறது. அந்த ருசியை நானூறு டாலரில் கொடுப்பதுதான் இந்த மலிவு லென்ஸ்களின் உண்மையான கவர்ச்சி என்பது என் எண்ணம்.

அதற்காக எல்லாவற்றையும் 'குணம்' என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது. படத்தின் இடது பக்கம் கூர்மையாகவும் வலது பக்கம் கலங்கலாகவும் வந்தால் அது குணமல்ல, உள்ளே ஒரு கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை இணையத்தில் யாராவது கலை என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

நடுவில் நிற்கும் ஒன்று ஃபோகஸ் நகர்வு. எஃப் 1.1-இல் கண்ணில் சரியாக விழும் ஃபோகஸ், துளையை எஃப் 2.8-க்கு மூடியதும் தானாகவே பின்னால் நகர்ந்துவிடும். சோனார் வடிவத்தில் இது கொஞ்சம் அதிகம். ஓரக் கதிர்கள் வெட்டப்பட்டதும் கதிர்கள் கூடும் இடம் மாறுவதால் வருவது. மிரர்லெஸ்ஸில் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலில் இது தெரியவே தெரியாது. எனவே இப்படிப்பட்ட லென்ஸை ஏதோ ஒரு எஃப் எண்ணுக்கு மட்டுமே கச்சிதமாகச் சரிசெய்ய முடியும். முழுவதும் திறந்த நிலைக்குச் சரிசெய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். எஃப் 4-இல் எடுக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு லென்ஸ் இருக்கிறது, இதை ஏன் சுமக்க வேண்டும்?

மேசையும் ஸ்கேலும்

இந்த நிறுவனங்கள் சில, லென்ஸ் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரையும் சோதனை அட்டையையும் வைத்து அனுப்பின. தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலையை வாங்குபவரே செய்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரிசை தவறக் கூடாது.

முதலில் உங்கள் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா என்று, நம்பகமான எஃப் 2 லென்ஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். தூரத்துக் கோபுரமோ டவரோ, முடிவிலிக் குறியில் இரண்டு பிம்பமும் பொருந்த வேண்டும். கேமரா சரியென்று உறுதியான பிறகுதான் புது லென்ஸுக்கு வர வேண்டும். புது லென்ஸுக்கு ஏற்றபடி கேமராவைத் திருகினால் உங்களிடமுள்ள மற்ற எல்லா லென்ஸும் அதோடு போச்சு.

அப்புறம் மேசைமேல் ஒரு ஸ்கேலைக் கேமராவை நோக்கிச் சாய்வாக, 45 பாகையில் வையுங்கள். 15 செ.மீ. கோட்டுக்கு நேராக, அதே தளத்தில், கருப்புக் கோடு போட்ட ஒரு அட்டையை நிமிர்த்தி நிறுத்துங்கள். கேமராவை ட்ரைபாடில், அட்டையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். துளையை முழுவதும் திறந்து, ஜன்னலின் நடுச் செவ்வகத்தில் கருப்புக் கோடு இரண்டும் ஒன்றாகும்வரை திருப்பி எடுங்கள். ஒரு தடவை முடிவிலியிலிருந்து திருப்பி, இன்னொரு தடவை கிட்டத்திலிருந்து திருப்பி என்று மாற்றி மாற்றிச் சில படங்கள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்கேலில் எந்தக் கோடு கூர்மை என்று பளிச்சென்று தெரியும். 15-ஏ கூர்மையாக இருந்தால் லென்ஸைத் தொடவே வேண்டாம். எல்லாப் படத்திலும் 13 அல்லது 17 கூர்மையாக இருந்தால் கேம் பிசகியிருக்கிறது. லென்ஸின் பின்புறம் கேமைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைத் தளர்த்தி, அதை மயிரிழை அளவு நகர்த்தி, இறுக்கி, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டரில் சரியானதும் மூன்று மீட்டரிலும் முடிவிலியிலும் பார்ப்பது அவசியம். மூன்று இடத்திலும் ஒருசேரப் பொருந்தாவிட்டால், நீங்கள் அதிகம் எடுக்கும் தூரத்தைத் தேர்ந்தெடுத்து விட்டுவிடலாம். ஃபிலிம் கேமரா மட்டுமே இருந்தால் இந்தச் சோதனைக்கு நண்பர் ஒருவரின் டிஜிட்டல் எம் கேமராவைக் கேட்டு வாங்குவது மேல். ஃபிலிமில் செய்தால் ரோல் ரோலாகக் கரையும்.

வாங்குவதற்கு முன்

கேமராவையும் பார்க்க வேண்டும். இரண்டு ஜன்னல்களுக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமாக இருந்தால் தூரத்தை நுணுக்கமாக அளக்கலாம். வியூஃபைண்டரின், அதாவது நாம் பார்க்கும் ஜன்னலின், உருப்பெருக்கத்தால் அதைப் பெருக்கினால் வருவதுதான் உண்மையான திறன். 0.72 உருப்பெருக்கம் கொண்ட லைக்கா எம் கேமராக்களில் அது ஏறத்தாழ 50 மிமீ. பழைய எம்3-இல் 62 மிமீ. கோசினாவின் பெஸ்ஸா ஆர்2ஏ-வில் வெறும் 26 மிமீ. மலிவு கேமராவும் மலிவு அதிவேக லென்ஸும் சேர்ந்தால் நல்ல ஜோடி என்று தோன்றும்; கணக்குப்படி அது மோசமான ஜோடி. பெஸ்ஸா வைத்திருப்பவருக்கு எஃப் 1.4 போதும்.

எஃப் 1.1-ஆ, 0.95-ஆ என்று கேட்டால், யோசிக்காமல் 1.1 என்பேன். இரண்டுக்கும் ஒளியில் வித்தியாசம் அரை ஸ்டாப்புக்கும் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). எடையில் அப்படியில்லை. 0.95 வகை லென்ஸ்கள் முக்கால் கிலோவை நெருங்குகின்றன, கேமராவின் முன்பக்கத்தைக் கீழே இழுக்கின்றன, அகலமான குழாய் வியூஃபைண்டரின் கீழ் மூலையையும் மறைத்துக்கொள்கிறது. சின்னக் கேமரா என்று ஆசைப்பட்டு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கிவிட்டு, அதன் முன்னால் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு அலைவானேன்?

பகல் வெயிலையும் யோசியுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 0.95-ஐத் திறந்தால் ஷட்டர் 1/32000 வினாடி வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் எம் கேமராக்களின் இயந்திர ஷட்டர் 1/4000-ஓடு நின்றுவிடும், ஃபிலிம் எம் கேமராக்கள் 1/1000-ஓடு. டிஜிட்டலுக்கு ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்டி ஃபில்டராவது வேண்டும், ஃபிலிமுக்கு முப்பத்திரண்டில் ஒன்றாகக் குறைப்பது. லென்ஸ் விலையோடு இதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மிரர்லெஸ் மட்டும்தான் இருக்கிறது, அடாப்டர் வைத்து எம் லென்ஸ் மாட்டலாமா என்றால், மாட்டலாம். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம் என்பதால் கேம் தலைவலி எதுவும் இல்லை. ஆனால் லைக்காவைவிடப் பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடித் தகடு தடிமனானது. எம் லென்ஸ்களின் ஓரப் பகுதி அதில் பிசிறும். அதைவிட, அந்தக் கேமராவுக்கென்றே இதே நிறுவனங்கள் செய்யும் லென்ஸை வாங்கலாம். கேம் இல்லாததால் விலையும் பெரும்பாலும் குறைவு.

லென்ஸ் கைக்கு வந்த அன்றே, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஒரு வேலை செய்துவிடுங்கள். செய்தித்தாள் ஒன்றை முழுவதுமாக விரித்துச் சுவரில் ஒட்டி, கேமராவை நேர் எதிரே நிறுத்தி, எஃப் 5.6-இல் எடுங்கள். நான்கு மூலை எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தெளிவாக இருக்க வேண்டும். கேமராவைக் கொஞ்சம் மாற்றி வைத்து எடுத்தாலும் அதே மூலை மட்டும் கலங்கலாக இருந்தால், பெட்டிக்குள் இருக்கும் ஸ்குரூ டிரைவரைத் தொடாமல் லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று கேளுங்கள். அந்தக் கோணலை எந்தத் திருகாலும் நிமிர்த்த முடியாது.